பெரியப்பா பெயிண்ட் அடித்த இடது கதவு

பெயிண்ட் அடிக்கிற இடத்தைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரில் நம்பர் கூடக்கூட அது மென்மையாகிக்கொண்டே போகும் என்பது எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயமா இது? பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். ஆனால் தண்ணீரில் நனைத்த அந்தக் காகிதத்தால் ஒரு கார்க் கதவை எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்தாவிட்டால் குடி முழுகிப்போகும் என்பதெல்லாம் அத்துப்படி. அந்த வருஷம் தசரா லீவு முழுக்க நானும் பெரியப்பாவும் அதைத் தப்புத் தப்பாகச் செய்துகொண்டிருந்தோம்.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீடு. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும், மாடியில் அப்பா, அம்மா, நான். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எனக்கு மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, இரண்டிலும் இட்லி.

பெரியப்பா கவர்ன்மென்டில் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். பெரிய பெரிய ஆபீசர்களை விதான சௌதாவுக்குக் கொண்டுபோய் இறக்கியவர். சர்வீஸ் முழுக்கத் தன் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று யார் வந்தாலும் சொல்வார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. பெரியப்பா “சர்வீஸ்ல” என்று ஆரம்பித்ததுமே அவர் “ஒரு கீறல் இல்ல சார்” என்று முடித்துவிட்டு, காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்.

ரிடையரானதும் பெரியப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு சில்வர் கலர் கார் வாங்கினார். அதை அவர் தவிர யாரும் தொடக்கூடாது. அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, பைக்கோடு சரி. அம்மாவுக்குத் தெரியும். அல்சூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸே வாங்கி வைத்திருந்தாள். சொல்லிக்கொடுத்த மாஸ்டர், இந்த மேடம் வெண்ணெய் மாதிரி கியர் மாத்துறாங்க என்று அப்பாவிடமே சொன்னார். ஆனால் பெரியப்பாவிடம் போய்ச் சாவி கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கு இருந்தது? ஒரே ஒரு தடவை பெரியம்மா அம்மாவுக்காகக் கேட்டுப் பார்த்தாள். “ஸ்கூல்ல கத்துக்கிட்டது லைசென்சுக்கு. ரோடு வேற” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார் பெரியப்பா. அம்மாவின் லைசென்ஸ் பீரோவிலேயே இருந்தது.

அந்த வருஷம் பெரியப்பாவின் காரியங்கள் கொஞ்சம் சரியில்லை. மார்க்கெட் பக்கம் ஓர் ஆட்டோவில் இடித்துக் கண்ணாடி உடைந்தது. இன்னொரு நாள் வீட்டு வாசலில் பெரியம்மாவின் ரோஜாத் தொட்டி நொறுங்கியது. ஆட்டோக்காரன் மேல் தப்பு என்றார். தொட்டியை யார் இங்கே வைத்தது என்று பெரியம்மாமேல் பாய்ந்தார். பெரியப்பாவுக்கு எப்போதும் மூக்குமேல் கோபம், அதனால் யாரும் பதில் பேசவில்லை. ஆனால் தொட்டி உடைந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கீழே இறங்கிப் போனார். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“இன்னொரு தடவை வண்டியில கீறல் பார்த்தேன்னா, சாவி என்கிட்ட வந்துடணும் அண்ணா. வண்டியை வித்துடலாம்.”

பெரியப்பா கத்துவார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். “சரிடா” என்றார், அவ்வளவுதான். சாப்பிடக்கூட வரவில்லை. டி.வி.யைப் போட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தசரா லீவு விட்டதும் முதல் காரியமாக அந்தக் கீறல் விழுந்தது. நானும் அவரும் அல்சூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். நான் பின் சீட்டில் முருங்கைக்காய்க் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது கர்ரென்று ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசியது.

“என்ன பாப்பா சத்தம்?” என்று கேட்டார் பெரியப்பா.

கேட் தூண் என்றேன். இறங்கிச் சுற்றி வந்தார். பின்பக்க இடது கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது. கோழி தவிட்டைப் பார்க்குமே, அந்த மாதிரி தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே, “ஆழமா இருக்கா, மேலாக்க இருக்கா? என்ன கலர் தெரியுது?” என்று என்னைக் கேட்டார். ஒரு பக்கம் வெள்ளையாகவும் நடுவில் கறுப்பாகவும் இருக்கிறது என்றேன். “தகரம் வரைக்கும் போயிடுச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டியை உள்ளே விட்டு, இடது பக்கத்தை மதில் சுவரோடு ஒட்டினாற்போல நிறுத்தினார். ஓர் ஒல்லி ஆளும் ஒரு சின்னப் பிள்ளையும் நுழைகிற சந்துதான் மிச்சம். வாசலிலிருந்து பார்த்தாலும் மாடியிலிருந்து பார்த்தாலும் அந்தக் கதவு தெரியாது. “அப்பாகிட்ட சொல்லாத பாப்பா” என்றார். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சாவி போய்விடும், கார் போய்விடும், ஞாயிறுதோறும் காரில் போகிற லால்பாக் பூங்காவும் போய்விடும். பெரியப்பா கார் இல்லாமல் எப்படி இருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. செத்தாலும் சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஷெட்டில் கொடுத்தால் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று வண்டியை நாள் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். வண்டி எங்கே என்று அப்பா கேட்பார். அதனால் தானே செய்துவிடுவது என்று பெரியப்பா முடிவு செய்தார். சர்வீஸில் இருந்தபோது ஷெட்டில் பெயிண்ட் அடிப்பதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாராம். ஜே.சி. ரோட்டுக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கன்னடம் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று டெஸ்ட் வைக்கிறார் என்று நினைத்து, நானும் உரக்க உரக்கப் படித்தேன். கண்டக்டர்கூட, ஏன் சார், பொண்ணு ஜோராப் படிக்குதே என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கடைக்காரர் வண்டியின் கலர் நம்பரைக் கேட்டு, பெயிண்டைக் கலந்து ஸ்ப்ரே டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். அடிப்பூச்சுக்குச் சாம்பல் கலர் பிரைமர் ஒன்று, சில்வர் ஒன்று, மேலே பளபளப்புக்கு அடிக்கிற கிளியர் கோட் ஒன்று. கிளியர் என்றால் நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி. கூட வாட்டர் பேப்பர், பள்ளத்தை அடைக்கிற பட்டி, டேப். தூரத்தில் பிடித்து மெல்லிசாக அடிக்க வேண்டும், ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று. எல்லாம் முடிந்தபிறகு ஒரு வாரம் கதவைத் தொடவே கூடாது, எண்ணெய் சோப்பு எதுவும் படக்கூடாது, உள்ளே இளசாகவே இருக்கும் என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதைப் பெரியப்பா கேட்டாரோ இல்லையோ, நான் கேட்டுக்கொண்டேன்.

அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போய், பெரியம்மா மத்தியானம் படுத்த பிறகுதான் எங்கள் வேலை. கீறலைச் சுற்றி டேப் ஒட்டினோம். நாளிதழை விரித்து மிச்சக் கதவையெல்லாம் மூடினோம். பட்டி வைத்துக் காயவிட்டுத் தேய்த்தார். பிரைமர் அடித்தார். இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. சில்வர் டப்பாவை எடுத்ததும்தான் சனி பிடித்தது.

முதல் தடவை டப்பாவை ரொம்பக் கிட்டத்தில் பிடித்துவிட்டார். பெயிண்ட் கண்ணீர் மாதிரி ஒழுகி இறங்கியது. “இப்ப சொல்லு பாப்பா, எப்படி இருக்கு?” என்று கேட்டார். மாலை மாலையாக இறங்குது பெரியப்பா என்றேன். விரலை வைக்கப்போனவரை, ஐயோ ஈரம் என்று கத்தி நிறுத்தினேன். காய்ந்தபிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினார். ஒவ்வொரு ஒழுகலையும் சரியாகக் கண்டுபிடித்து அங்கே மட்டும் வாட்டர் பேப்பரால் தேய்த்தார். எனக்கு அது மேஜிக் ஷோ மாதிரி இருந்தது. நானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டாம் தடவை அளவாக அடித்தார். ஆனால் ஒழுகலைத் தேய்க்கும்போது ஓர் ஓரத்தில் கூடுதலாகத் தேய்த்து, கீழே இருந்த சாம்பல் கலர் எட்டிப்பார்த்தது. அதற்கு ஒரு பூச்சு. அந்தப் பூச்சு நின்றுகொண்டு பார்த்தால் ஒரு சில்வராகவும், உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு சில்வராகவும் தெரிந்தது. நான் நின்று, உட்கார்ந்து, மதிலில் ஏறி, தலைகீழாகக்கூடப் பார்த்துச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் திருத்தினார். வீட்டில் யாரும் பெரியப்பாவைப் பார்த்து இது தப்பு என்று சொல்ல முடியாது. நான் நாளெல்லாம் சொன்னேன். இங்க சரியில்ல, அங்க சரியில்ல, திரும்ப அடிங்க! ஆபீசர்களுக்கே வண்டி ஓட்டியவருக்கு நான் ஆபீசராகிவிட்ட மாதிரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடினேன். என்னைச் சோதிப்பதற்காகத்தான் தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று எனக்கு முழு நம்பிக்கை. நான் கண்டுபிடித்ததும் “அப்படியா?” என்பார், அந்த “அப்படியா” எனக்கு நூற்றுக்கு நூறு மார்க் மாதிரி.

கிளியர் அடித்த அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு இருந்தது. பெங்களூர் வானம், காலையில் சிரிக்கும், மத்தியானம் அழும். பெரியப்பாவுக்குப் பொறுமை இல்லை, ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. பூஜையன்றைக்கு வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். அடித்து முடிக்கவும் தூறல் பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. பெரியம்மாவின் பழைய புடவையைக் கதவுக்குமேல் கூரையாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். காய்ந்தபிறகு அவர் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார். ஒழுகல் இல்லை, பொடி இல்லை, வழவழவென்று இருந்தது. “முடிஞ்சுது” என்றார்.

“இல்ல பெரியப்பா, வெள்ளையா இருக்கு” என்றேன். மழை ஈரம் பட்டு அந்த இடம் முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

“வழவழன்னுதானே இருக்கு?”

“வழவழன்னுதான் இருக்கு. ஆனா வெள்ளையா இருக்கு.”

அவர் இன்னொரு தடவை தடவினார். முகத்தைக் கதவுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அங்கே கிடந்த செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன். “நல்லா பார்த்துத்தானே சொல்ற?” என்று கேட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. லேசாகத்தான் இருக்கு பெரியப்பா, தேய்ச்சா போயிடும் என்று அவர் தோளில் கையை வைத்துச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்தாள். என் தலையெல்லாம் பெயிண்ட் வாசனை. நான் கமுக்கமாக இருந்தேன், சத்தியம் செய்திருக்கிறேனே! அம்மா ஒன்றும் கேட்காமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். துவட்டும்போது மட்டும், பெரியப்பா வேலை செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாரா என்று கேட்டாள். அதைப் பற்றிச் சத்தியம் எதுவும் இல்லையே. அதெல்லாம் வேணாம்மா, பெரியப்பா கண்ணை மூடிக்கிட்டே எல்லாத்தையும் விரலால கண்டுபிடிச்சிடுவாரு என்று பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் கை ஒரு நிமிஷம் என் தலையில் அப்படியே நின்றது. அப்புறம் துவட்டினாள்.

மறுநாள் நல்ல வெயில். வெளுத்ததையெல்லாம் மெல்லிய பேப்பரால் இழைத்துவிட்டு, மெலிசு மெலிசாகக் கிளியர் அடித்தார். நான் ஒவ்வொரு பூச்சுக்கும் நின்று பார்த்து, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டு உயிரை விட்டது. மற்றபடி கண்ணாடி மாதிரி வந்திருந்தது, என் முகம் அதில் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அந்த இடம் துளி கறுத்திருக்கும், ஆனால் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? பெரியப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். கடைக்காரர் சொன்ன ஒரு வாரத்துக்கு வழியே இல்லை, ஆயுத பூஜைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

பூஜையன்றைக்குக் காலையில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே! ஆட்டோ, பைக், தண்ணி லாரி, பால்காரர் சைக்கிள் எல்லாவற்றையும் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பெரியப்பா விடிந்ததுமே வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, குளிக்கப் போனார். நான் பாவாடை கட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது. பெரியம்மா எல்லா வருஷத்தையும்போல அரைத்த சந்தனத்தை வைத்து, அதன்மேல் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தை வைத்து, பானட்டில், ஸ்டியரிங்கில், நான்கு சக்கரத்தில், நான்கு கதவிலும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போயிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? இடது பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, எங்கள் இளசான கிளியர்மேலேயே குண்டு குண்டாக மூன்று பொட்டு.

பெரியப்பா பட்டு வேட்டியும் துண்டுமாக வெளியே வந்தார். நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, நம்ம கதவுலயும் வெச்சுட்டாங்க பெரியப்பா என்று காதோடு சொன்னேன். அவர் பதறவில்லை. யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி, “உங்க பெரியம்மா ரொம்பத்தான் அப்பிட்டா” என்று சொல்லிக்கொண்டே கதவின்மேல் கையோட்டிச் சந்தனத்தைக் கண்டுபிடித்து, துண்டால் அழுத்தித் துடைத்தார். சந்தனம் உதிர்ந்துவிட்டது. ஆனால் குங்குமமும் எண்ணெயும் கிளியருக்குள்ளேயே ஊறிப்போயிருந்தன. சில்வர் கதவில் மூன்று செக்கச்சிவந்த வட்டம். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்.

பெரியப்பா அந்த இடத்தை விரல் நுனியால் ஒரு தடவை தடவினார். வழவழவென்று இருந்திருக்கும்.

“போயிடுச்சு” என்றார் சந்தோஷமாக.

அதற்குள் அப்பா தேங்காயும் கையுமாக அங்கே வந்துவிட்டார். அம்மா ஆரத்தித் தட்டோடு பின்னால் நின்றாள். அப்பாவின் பார்வை அந்தச் சிவப்புக்குப் போய், அப்புறம் அதைச் சுற்றியிருந்த புதுப் பெயிண்டுக்குப் போனது. “அண்ணா, என்ன இது? கதவுல என்ன ஆச்சு?” என்று குரலை உயர்த்தினார். சாவி போச்சு, கார் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்படியாவது அதைத் துடைத்துவிட்டால் போதும் என்று இருந்தது. லீவு முழுக்க என்ன செய்தேனோ அதையேதான் செய்தேன்.

“போகல பெரியப்பா, இன்னும் இருக்கு.”

“எங்க?” என்றார் பெரியப்பா.

“அதோ, மூணு.”

அவர் துண்டை எடுத்து, சிவப்பே இல்லாத இடத்தைத் தேய்த்தார். “இங்கயா?”

“இல்ல, அதுக்குப் பக்கத்துல.”

“இங்கயா பாப்பா?”

அவர் முகம் கதவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மூன்று பொட்டும் அவர் மூக்குக்கு நேராக இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போயிருந்தது. பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் கையிலிருந்த துண்டை மெதுவாக வாங்கினார்.

“விடுங்கண்ணா. போயிடுச்சு. சுத்தமா இருக்கு.”

அப்பா பச்சையாகப் பொய் சொன்னார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. போகலையே என்று வாயைத் திறந்தேன், அம்மா என் தோளை அழுத்தினாள்.

அந்த மாசமே பெரியப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுகர் ரொம்ப நாளாகவே அவர் கண்ணின் நடுப்பகுதியை அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துபோகும், ஓரப்பார்வையில் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்து அல்சூர் டிராஃபிக்கில் ஓட்டியிருக்கிறார் என்று இப்போது நினைத்தாலும் அவர்மேல் கோபம் வருகிறது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார் அந்த மனுஷர்? சர்வீஸில் ஒரு கீறல் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே! இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு வாசலில் நின்ற எனக்கு, பெரியவர்கள் எல்லாம் ஏன் திடீரென்று அப்படி ஆகிவிட்டார்கள் என்பதே புரியவில்லை.

பூஜை நடந்தது. கற்பூரம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காயைச் சுற்றிப் போட்டார்கள். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இனி வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்கி, ஒரு சுற்று போய் வர வேண்டும். வருஷா வருஷம் அது பெரியப்பாவின் காரியம், தெருவே நின்று பார்க்கும். அன்றைக்கு யாரும் அசையவில்லை. அப்பா வாழைக்கன்றைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவி கொடுங்கள் என்று கேட்க அவருக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் ஒன்றும் தெரியாமல், “ஏன் சார், நிம்பேஹண்ணு காயுத்தா இதே!” என்று சிரித்தார். எலுமிச்சம்பழம் காத்துக்கொண்டிருக்கிறதாம்.

பெரியப்பா டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே உட்காரவில்லை. கூரைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் திரும்பி, அம்மா நின்ற திசையில் சாவியை நீட்டினார்.

“நீ எடும்மா.”

“நானா மாமா?” என்றாள் அம்மா.

“லைசென்ஸ் இருக்குல்ல?”

பானட்டைக் கையால் தொட்டுக்கொண்டே சுற்றிப் போய், முன்பக்கம் இடது சீட்டில் உட்கார்ந்தார். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. கையை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. பெரியம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

அம்மா பட்டுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். எனக்கு ஒரே குஷி. வெண்ணெய் மாதிரி கியர் மாற்றப்போகிறாள், தெருவே அசந்துபோகப்போகிறது! ஆனால் அம்மா சாவியைத் திருகிவிட்டு, புதுப் பெண் மாதிரி மென்று விழுங்கினாள்.

“மாமா, கிளட்ச்சை முழுசா அழுத்தணுமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியப்பா திரும்பினார். “முழுசா அழுத்து. ம்ம். இப்ப ஃபர்ஸ்ட் போடு. பாதி விடு, பாதி. சத்தம் மாறுது பாரு, அங்க நிறுத்து” என்றார். வண்டி ஓர் உலுக்கு உலுக்கி நகர்ந்தது. எலுமிச்சம்பழம் பட்டென்று நசுங்கியது. ஆட்டோக்காரர் கைதட்டினார்.

தெருமுனைக்கு வந்ததும், இப்ப செகண்ட் போடலாமா மாமா என்று கேட்டாள். போடு என்றார். இடது பக்கம் ஒடிக்கட்டுமா மாமா? கொஞ்சம் பொறு, அங்கே ஒரு பள்ளம் இருக்கு, தாண்டி ஒடி. சர்ச் திருப்பத்தில் ஹாரன் அடிக்கணுமா மாமா? பின்னே, குழந்தைங்க ஓடிவரும். அவருக்கு எந்த வளைவில் என்ன இருக்கும் என்பது அப்படியே தெரிந்திருந்தது. போகப்போகப் பெரியப்பாவின் குரல் ஏறிக்கொண்டே வந்தது. கை முழங்காலிலிருந்து எழுந்து முன்னால் நீண்டு, ஓட்டு, நிறுத்து, அடி என்று அதட்டியது. “கண்ணாடியைப் பாரு! என்னத்த சொல்லிக்கொடுத்தான் அந்த ஸ்கூல்காரன்?” என்று கத்தினார். தப்பு மாமா, சாரி மாமா என்றாள் அம்மா. திட்டு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு சந்தோஷமான முகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

எனக்கு மானமே போனது. நாங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினதும் அம்மாவைத் தனியாக இழுத்து, இவ்வளவு ஸ்கூலுக்குப் போயும் ஒண்ணுமே தெரியலையே உனக்கு என்று கேட்டேவிட்டேன். ஆமாம், எல்லாம் மறந்துபோச்சு, பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்து சொன்னாத்தான் எனக்கு வரும் என்றாள் அம்மா. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெரியப்பா பக்கத்தில் உட்கார, அம்மா கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டினாள். எங்கள் அம்மாவுக்குக் கார் ஓட்ட வராது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.